பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி

வேலம்மாவுக்கு வாய்த்தவன் நல்லவன்தான், பொய் சொல்லக் கூடாது. கள்ளுக்கடைப் பக்கம் போக மாட்டான். பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். அவனிடம் ஒரே ஒரு கோளாறுதான். சண்டை முடிந்துவிட்டது என்று யாரும் அவனுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை.

மலாயாவில் அசாம் ஜாவா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கித்தாத் தோட்டம் என்பார்கள், முருகையா காவல்காரன். அதற்கு முன்னால் பஸ்ராவில் வெள்ளைக்காரனுக்காகத் துருக்கியோடு சண்டை போட்டு, சட்டைக் கையில் நாயக் பதவிப் பட்டை வாங்கியவன். பட்டாளம் கலைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஊரில் மழையும் இல்லை, வேலையும் இல்லை. நாராயணசாமி கங்காணி ஆள் கட்ட வந்தான். பெண்டாட்டியையும், அவள் தம்பி சோமுவையும், அவன் பெண்டாட்டி வள்ளியம்மாவையும் கூட்டிக்கொண்டு முருகையா கப்பலேறிவிட்டான். வந்து இறங்கிய மறுநாள் விடியும் முன்னால் மணி அடித்து, எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். அதற்குப் பேரும் பட்டாளத்தில் சொல்வதுபோலப் பெரட்டு என்றார்கள். அவ்வளவுதான், செத்துக் கிடந்தவனுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது.

"வேலம்மா, இதுவும் பட்டாளந்தான்" என்றான்.

அவன் கணக்கில் துரைதான் கேப்டன். கங்காணி சுபேதார். வேலையை மேய்க்கும் மண்டோர் அவில்தார். தங்குவதற்கு வரிசை வரிசையாக லயம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. துப்பாக்கி மட்டும்தான் இல்லை, பால்வாளி இருக்கிறது. இதைக் கேட்டு லயமே விழுந்து விழுந்து சிரித்தது. முருகையா சிரிக்கவில்லை. தலைப்பாகையை இறுக்கிக் கட்டி, காலில் பட்டி சுற்றி, தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கித்தா மரங்களுக்கு நடுவே ரோந்து போனான். மரம் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று வேலம்மா கேட்டால், "உப்பைத் தின்னாச்சு, உத்தரவுக்கு நிக்கணும்" என்பான். பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அவள், "எங்க வீட்டு கவர்னரு கஞ்சி குடிச்சாச்சு, இனி நீங்க குடிக்கலாம்" என்று பழிப்புக் காட்டுவாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெளியே சொன்னால் ஆள் இன்னும் விறைத்துக்கொள்வான் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் சோமுவின் பேரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. வள்ளியம்மா பேருக்கும் பதில் இல்லை. புல்வெட்டுக்காரிகளின் வரிசையில் நின்ற வேலம்மா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதா என்ன? கட்டுச்சோறு கட்டிக் கொடுத்ததே அவள்தானே!

வள்ளியம்மா இந்தத் தோட்டத்தில் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டையும் காய்ச்சல் கொண்டுபோனது. இரண்டையும் கித்தா மரத்தடியில்தான் புதைத்தார்கள். பால் மரம் வெட்டப் போகும்போதெல்லாம் அந்த நிரையைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது மூன்றாவது வயிற்றில், ஏழாம் மாதம். "இதையும் இந்த மண்ணுக்குக் குடுக்க மாட்டேன் அண்ணி" என்று வேலம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். ஆற்றுக்கு அக்கரையில் சுங்கை பஞ்சாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் அவளுடைய சின்னம்மா இருந்தாள். கடல்காற்று அடிக்கிற இடம், அங்கே பிள்ளைகள் தக்குகின்றன என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சோமு ஒன்றும் திருட்டுத்தனமாகக் கிளம்பவில்லை. ஒரு மாசம் முன்னால் சொல்லிவிட்டு எவனும் போகலாம் என்றுதான் சட்டம். ஓடினவனைப் பிடித்து ஜெயிலில் போட்ட காலம் மலையேறிவிட்டது. அவனும் முறையாகப் போய்க் கங்காணியிடம் சொன்னான். "ஆகட்டும், ஆபீஸ் கிராணிகிட்டப் பேரை எழுதச் சொல்றேன்" என்றான் கங்காணி. மாசம் முடிந்து போய் நின்றால், "எப்படா சொன்னே?" என்கிறான்! வேலைக்கு இறங்குகிற ஆள் ஒவ்வொருத்தன் மேலும் தலைக்காசு வாங்குகிறவன் லேசில் விடுவானா? அதற்கு மேல் வள்ளியம்மா பொறுக்கவில்லை. புருஷனை எழுப்பித் தகரப்பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டாள்.

பெரட்டு கலைந்ததும் கங்காணி முருகையாவைக் கூப்பிட்டான். "நாயக்! அந்த ஓடுகாலிப் பய வேற எங்க போவான், கோலா சிலாங்கூர் தொறைக்குத்தான் போவான். ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வா. தொரை உத்தரவு."

துரை உத்தரவு என்ற சொல் காதில் விழுந்ததும் முருகையாவின் முதுகு நிமிர்ந்ததை வேலம்மா பார்த்தாள். அடப்பாவி மனுஷா, உன் மச்சினன்டா அவன் என்று வாய்வரை வந்துவிட்டது.

லயத்துக்கு ஓடிப்போய்க் கால்பட்டியில் ஒன்றை எடுத்து அரிசிப் பானைக்குள் திணித்தாள். பட்டி சுற்றாமல் கடமைக்குப் போக மாட்டான் என்பது அவள் நம்பிக்கை. முருகையா வந்தான், தேடினான், பாயை உதறினான். பிறகு பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். கையில் மிஞ்சிய ஒரு பட்டியையும் மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலில் இறங்கினான். அவன் பட்டி இல்லாமல் கிளம்பி அவள் பார்த்ததே இல்லை.

"ஏங்க, வேற ஆளா இல்ல? என் தம்பிங்க அவன்!"

"தம்பின்னுதான் நானே போறேன். நான் ஒதுங்கினா தம்பிக்காக ஒதுங்கினான்னு ஆகும். சொந்தக்காரனுக்கு ஒரு நாயம், ஊரானுக்கு ஒரு நாயம்னா நான் என்னா காவல்காரன்?"

"அவ வயித்துல புள்ள இருக்குங்க."

"கை வைக்க மாட்டேன். நடத்தித்தான் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

வேலம்மா புல்வெட்டுக் கத்தியை எறிந்தாள். நாள் சம்பளம் நாசமாய்ப் போகட்டும். செம்மண் சடக்கில் அவன் தலைப்பாகை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பட்டாளத்து நடைக்கு அவளால் ஈடு கொடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆளே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து சந்தைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு சன்னாசியின் மாட்டுவண்டி வந்தது. ஏறிக்கொண்டாள். ஏறின பிறகுதான் அந்த மாடுகள் நடக்கிற லட்சணம் தெரிந்தது.

"சன்னாசிண்ணே, அதுங்கள ஒரு தட்டு தட்டேன்."

"தட்டினா நின்னுடும்மா. அதுங்களுக்கு மானம் அதிகம்."

ஊரெல்லாம் மானக்காரர்களாகப் போய்விட்டார்கள், மாடு உட்பட! வேலம்மாவுக்கு உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இறங்கிக் கொஞ்சம் ஓடுவாள், மூச்சு வாங்கியதும் வண்டிக்குக் காத்திருந்து ஏறுவாள், மறுபடி இறங்குவாள். படகு போயிருக்கும், தப்பித்திருப்பார்கள் என்று ஒரு மனசு சொல்லும். இல்லை, இந்நேரம் வள்ளியை வெயிலில் திருப்பி நடத்திக்கொண்டு வருகிறான் என்று இன்னொரு மனசு சொல்லும். எதிரே யார் வந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தாள். தம்பியை இவன் பிடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இவனுக்குச் சோறு போடுவது? அப்படி நடந்தால் அவனோடு வாழ முடியாது என்பது அந்தச் சடக்கில் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. அது தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது, ஏனென்றால் அவளுக்கு அவனைப் பிடிக்கும்.

கோலா சிலாங்கூர்த் துறைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கடல் உள்வாங்கி ஆற்றோரமெல்லாம் சேறாகக் கிடந்தது. படகு சேற்றில் சாய்ந்திருந்தது. "துங்கு டூலு", பொறு என்று கையைக் காட்டிவிட்டு மலாய்க்காரப் படகோட்டி நிழலில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்துதான் சோமு மாட்டிக்கொண்டான். தகரப்பெட்டி மேல் வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சோமு. அவர்களுக்கு முன்னால், சொன்ன சொல் தவறாமல் கை வைக்காமல், தடியை ஊன்றிக்கொண்டு முருகையா நின்றான்.

"எந்திரிங்க. முன்னால நடங்க" என்றான். எத்தனை தடவை சொல்லியிருந்தானோ, குரல் கம்மியிருந்தது.

"தூக்கிட்டுத்தான்ணே போகணும் நீங்க" என்றாள் வள்ளியம்மா. "நானா எந்திரிச்சு அந்தத் தோட்டத்துக்கு வர மாட்டேன்."

"ஒரு மாசம் முன்னாலயே கங்காணிகிட்டச் சொல்லிட்டேன் மாமா" என்றான் சோமு.

"அதை அங்க வந்து சொல்லு மாப்ள. என் கையில உத்தரவு இருக்கு. தொரை உப்பத் தின்னுட்டு..."

வேலம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். வருஷக்கணக்காக 'நீங்க' போட்ட வாய் அது.

"யோவ்! எவன் உப்ப எவன் தின்னான்? அரிசி வாங்கறோம், பருப்பு வாங்கறோம், உப்பும் வாங்கறோம், அத்தனைக்கும் சம்பளத்துல புடிச்சுக்கறான்ல? நம்ம உப்ப நாமதான்யா திங்கறோம்! அந்தத் தொரை உனக்கு ஒரு கல்லு உப்பு சும்மா குடுத்தானா, சொல்லு!"

துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"பஸ்ராவுல பாலத்தைக் காத்தேன், ஒரு பயலையும் விடல, அதுக்குப் பட்டை குடுத்தாங்கன்னு ஆயிரம் தரம் சொல்லியிருக்கே. அங்க காத்தியே, அது சண்டை. இது என்னாய்யா? வயித்துப் புள்ளக்காரி மேலயா பட்டாளம்?"

"அந்தக் கதைய உனக்கு நான் முழுசாச் சொன்னதில்ல" என்றான் முருகையா.

அவன் சேற்றைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஆத்துக்குக் குறுக்க படகை வரிசையா நிறுத்தி மேல பலகை போட்டிருக்கும். அதான் பாலம். எவனையும் அக்கரைக்கு விடாதேன்னு உத்தரவு. தண்ணி சொமக்கிறவன் ஒருத்தன் வந்தான். நம்ம பக்கத்து ஆளு, சேலத்துக்காரன். அக்கரையில ஆஸ்பத்திரிக் கப்பல்ல அவன் அண்ணன் கெடக்கறான், இப்பவோ அப்பவோன்னு இருக்கான். மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஓடியாந்துடறேன்னு கால்ல விழுந்தான். தமிழ்ல அழுதான் வேலம்மா. நான் துப்பாக்கிய நீட்டி அவனை ஒக்கார வெச்சேன். பகல் முழுக்க என் எதிர்லயே ஒக்காந்திருந்தான். சாயங்காலம் கேப்டன் வந்தாரு. இன்னும் ஏன் நிக்கறே, அந்த உத்தரவு காலையிலயே ரத்தாயிடுச்சேன்னாரு. எனக்குச் சொல்ல மறந்துட்டாங்களாம். அவன் எந்திரிச்சு ஓடினான். அண்ணங்காரன் மத்தியானமே போயிட்டான். கேப்டன் என் முதுகுல தட்டி, உன்ன மாதிரி ஆளுதான் வேணும்னாரு. அந்தப் பட்டை அதுக்குத்தான்."

முருகையா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணை அப்படி அவள் பார்த்ததில்லை.

"உத்தரவு பெரிசு இல்லேன்னு நீ சொல்றே. சரி, இல்லேன்னே வெச்சுக்க. அப்ப அன்னிக்கு அவனுக்கு நான் செஞ்சது என்னா? அதுக்கு ஒரு பேரு சொல்லு."

இத்தனை வருஷமாக இந்த மனுஷன் மரத்துக்கும் மட்டைக்கும் காவல் நின்றது இதற்காகத்தானா? பழித்துச் சிரித்ததெல்லாம் வேலம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகு மெல்ல நிமிர்ந்து ஆடியது. படகோட்டி சுருட்டை எறிந்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

சோமு எழுந்தான். "மாமா, நான் வரேன் உங்க கூட. உங்க வேலையும் போக வேணாம், பேரும் போக வேணாம். இவள மட்டும் அக்கா கூட அக்கரைக்கு அனுப்பிடுங்க."

"உன்ன விட்டுட்டு நான் போய்?" என்றாள் வள்ளியம்மா. அவளுக்கு அழுகை வெடித்தது.

வேலம்மா சட்டென்று புருஷன் பக்கத்தில் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, உத்தரவை நீங்க தொரை வாயால கேக்கலியே? கங்காணிதானே சொன்னான். சந்தேகம் வந்துச்சு, தொரையவே கேட்டுட்டு வரப் போனேன்னு திரும்பி நடங்க. நீங்க கேட்டுட்டு வர்றதுக்குள்ள படகு போயிடும். உங்க மேல குத்தமே இல்ல."

நல்ல யோசனைதான். முருகையாவுக்கும் அது பிடித்த மாதிரி ஒரு கணம் இருந்தது. பிறகு தலையை ஆட்டினான்.

"ஏமாத்து வேணாம். விட்டா நான் விட்டேன்னு இருக்கணும்."

தடியை மண்ணில் போட்டான். வள்ளியம்மாவை எழச் சொல்லிவிட்டுத் தகரப்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினான். பெட்டியைப் படகில் வைத்தான். திரும்பி வந்து வள்ளியம்மாவுக்குத் தோள் கொடுத்து நடத்திக்கொண்டு போய் ஏற்றினான். "அண்ணே" என்றாள் அவள். சோமு குனிந்து அவன் காலைத் தொடப் பார்த்தான். சேறுதான் அகப்பட்டது. "போய்ச் சேருங்க, வெயிலாகுது" என்றான் முருகையா. படகு நடு ஆற்றைத் தாண்டும்வரை இருவரும் நின்றார்கள்.

திரும்பி நடக்கும்போது வேலம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச தூரம்தான் நீடித்தது.

"நாளைக்குத் தொரைகிட்ட சொல்லிடுவேன்" என்றான்.

"என்னான்னு?"

"ஆளைக் கண்டேன், நானே படகுல ஏத்தி விட்டேன்னு."

"ஆளைக் காணோம்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"உத்தரவ மீறியாச்சு. பொய்யும் சொன்னா அப்புறம் மிச்சம் என்னா இருக்கு?"

கெஞ்சினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். சுவரிடம் பேசியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சட்டிபானையை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். லயத்தை விட்டுத் துரத்தும்போது அவசரத்தில் எதையும் விட்டுவிடக் கூடாதே!

மறுநாள் பெரட்டு முடிந்து, ஆள்கள் கலையும் முன்பே துரை மோட்டாரில் வந்து ஆபீஸ் முன்னால் இறங்கினார். கிராணி பொன்னம்பலம் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், கண்டிப்பானவர், ஆனால் கோணல் இல்லாதவர். முருகையா படிக்கு முன்னால் போய் விறைத்து நின்று சலாம் அடித்தான். தலைப்பாகை புதிதாகக் கட்டியிருந்தது. இரண்டு காலிலும் பட்டி இருந்தது. அரிசிப் பானையிலிருந்து வேலம்மாவே எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொள்வதுதான் மாட்டிக்கொள்கிறான், முறையாக மாட்டிக்கொள்ளட்டும் என்று.

"தொரை! சோமுவையும் அவன் சம்சாரத்தையும் தொறையில புடிச்சேன். புடிச்சு, நானே படகுல ஏத்தி விட்டுட்டேன். உங்க உத்தரவ மீறினது நான். தண்டனை குடுங்க."

களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். துரை புருவத்தைச் சுருக்கினார்.

"எந்த சோமு? என்னா உத்தரவு?" என்றார் கிராணியிடம், தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

கிராணி திரும்பினார். "ஓய் முருகையா, துரை அப்பிடி ஒரு உத்தரவும் தரேல்லை. அந்தச் சோமு ஆர் எண்டே அவருக்குத் தெரியாது. ஆர் உமக்குச் சொன்னது?"

முருகையாவின் கண் மெல்லத் திரும்பிக் கங்காணியிடம் போய் நின்றது. நாராயணசாமி கங்காணி அப்போதுதான் ஏதோ ஒரு மரத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். கிராணிக்கு விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

துரை சிரித்தபடி ஏதோ சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார். "நல்ல விசுவாசமான ஆள், இவனை மாதிரி ஆக்கள்தான் வேணும், போய் வேலையைப் பார்க்கட்டும் எண்டு சொல்லுறார்" என்றார் கிராணி. மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று.

வேலை போகவில்லை! வேலம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூட்டையை அவிழ்க்கலாம், அடுப்பை மூட்டலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனிடம் ஓடினாள். கிட்டப் போனபோதுதான் முகத்தைப் பார்த்தாள். முருகையா இன்னும் விறைத்தபடியே நின்றான், முகத்தில் சந்தோஷமே இல்லை.

"உத்தரவே இல்லையாம், வேலம்மா."

"கேட்டேன்."

"அப்ப அந்தப் புள்ளத்தாச்சியப் புடிச்சு இழுத்துட்டு வர நானாத்தான் போயிருக்கேன்."

இல்லை என்று அவளுக்கு நுனிநாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

"ஆமாய்யா. போனது நீயாத்தான் போனே" என்றாள். "விட்டதும் நீயாத்தான்யா விட்டே. அதுக்கும் எவனும் உத்தரவு போடல."

முருகையா அப்படியே ஆபீஸ் படியில் உட்கார்ந்தான். கூலிக்காரன் எவனும் அந்தப் படியில் உட்கார்ந்ததில்லை. "நாயக்! எந்திரி, ஆபீஸ் படி அது!" என்று மண்டோர் கத்தினான்.

முருகையா காதில் அது விழவே இல்லை. "அந்தச் சேலத்துக்காரன் பேரு என்னான்னுகூட நான் கேக்கல வேலம்மா" என்றான். "பகல் முழுக்க எதிர்ல ஒக்காந்திருந்தான், கேக்கவே இல்ல" என்று சொல்லிச் சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதான்.

வேலம்மா அவன் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள். புல்வெட்டுக்குப் போகச் சொல்லி அவளையும் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மண்டோர் இன்னும் இரண்டு தரம் கத்திப் பார்த்துவிட்டு மற்ற ஆள்களைக் கூட்டிக்கொண்டு போனான்.